வெளிப்பக்கம் திறக்கிற கதவு

உள்நாட்டுச் சண்டை முடிந்த பிறகுதான் எங்கள் ஊரில் ஆட்கள் கதவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்னர் கதவு என்றால் தட்டுகிற சத்தம்தான். தட்டுகிற விதத்தை வைத்தே வெளியில் நிற்பது யாராக இருக்கும் என்று உள்ளே இருந்து கணக்குப் போடுவோம். துவக்குப் பிடியால் தட்டினால் ஒரு சத்தம், விரலால் தட்டினால் இன்னொரு சத்தம். விரலால் தட்டுகிறவன் நல்லவன் என்றும் சொல்ல ஏலாது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், சந்தையில் மரக்கறி விற்கிறவர், தேத்தண்ணீர்க் கடையில் வைத்து ஒரு நாள் சொன்னார்:

"சண்டக் காலத்துல கள்ளனுக்கும் ஊரடங்குதான் மச்சான். இப்பதான் அவனுக்கும் விடுதல கிடச்சிரிக்கி."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாளைக்கு முன்னர்தான் எங்கள் தெருவில் ஒரு வீட்டின் தண்ணீர் மோட்டர் காணாமல் போயிருந்தது. முதல் ஆளாக ஓடி வந்து துக்கம் விசாரித்தவர் இவர்தான். அதைச் சொல்லவும் முடியாது, மறக்கவும் முடியாது.

நான் துணி வியாபாரி. மோட்டார் சைக்கிளின் பின்னால் சாறியும் சாறனும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வரிப்பத்தான்சேனை, சொறிக்கல்முனை என்று வயற்காட்டு ஊர்களுக்கெல்லாம் போய் விற்பேன். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுவிட்டது. மிச்சப் படிப்பெல்லாம் ஆட்களின் வாயிலிருந்து பொறுக்கியதுதான். பொறுக்கியதில் பெரிய பங்கு சந்தேகம். சீலையை விரித்ததும் நிறத்தைப் புகழ்கிறவர் வாங்க மாட்டார். குறை சொல்லிக்கொண்டே மடிப்பைத் தடவுகிறவர் வாங்குவார். ஆட்கள் வாயால் ஒன்றைச் சொல்வார்கள், கை வேறொன்றைச் சொல்லும். நான் கையைத்தான் பார்ப்பேன். என் மனைவியின் கையை மட்டும் எப்படியோ பார்க்கத் தவறிவிட்டேன்.

எங்கள் வீடு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்கிறது. எங்கள் வீடு என்பது சும்மா பேச்சுக்கு. அது அவளுடைய வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தவன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேருவான். பழைய வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. அவளுடைய தங்கச்சியையும் கொண்டுபோனது. பிறகு உதவிக்கு வந்தவர்கள் அதே வளவில் புதிதாக ஒரு சின்ன வீடு கட்டித் தந்தார்கள். ஆனால் அந்த வீட்டில் அவள் ஒரு இரவுகூடத் தங்கவில்லை. பகலில் வருவாள், முற்றம் கூட்டுவாள், முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றுவாள். வெயில் சாயும்போது பிரதான வீதிக்கு மேற்கே இருக்கிற அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். அங்கே ஒரு அறையில்தான் நாங்கள் இரண்டு பேரும் வருசக்கணக்கில் இருந்தோம்.

ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"அந்தக் கதவு சரியில்ல."

கதவு சரியில்லைதான். பச்சை மரத்தில் செய்து மாட்டியிருந்தார்கள். மாரியில் ஊதிப் போய், காலை நிலையில் முட்டுக் கொடுத்து இழுத்தால்தான் வரும். கோடையில் சுருங்கினால் இடைவெளிக்குள் விரல் போகும். கள்ளன் ஒரு உதை விட்டால் போதும். அவள் கள்ளனுக்குப் பயப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதற்குள்ளும் எனக்கொரு சந்தேகம் இருந்தது. என் மதினி, அதுதான் அவளுடைய ராத்தா, விடியக்காலையில் இடியப்பம் அவித்துத் தேத்தண்ணீர்க் கடைகளுக்குக் கொடுக்கிறவர். பிழிகிற கை என் மனைவியுடையது. கைக்கு உதவியான ஆளை யார் லேசில் விடுவார்கள்? கதவு ஒரு சாட்டு, ராத்தாதான் பிடித்து வைத்திருக்கிறார் என்று என் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. நல்ல இரும்புக் கதவாக ஒன்றைப் போட்டுவிட்டால் அந்தச் சாட்டும் இல்லாமல் போகும். அவள் வந்துதானே ஆக வேண்டும்?

முதலில் கல்முனை நகரத்தில் ஒரு கடைக்குப் போனோம். வெளிநாட்டிலிருந்து வந்த இரும்புக் கதவுகளை வரிசையாகச் சாத்தி வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மரத்தின் ரேகை போட்டுப் பூச்சு. இரும்பை வாங்க வந்தவனுக்கு ஏன் மரத்தைக் காட்டுகிறார்கள் என்பதே எனக்கு முதல் சந்தேகம். விரலால் தட்டிப் பார்த்தேன். பால்மா டின்னைத் தட்டியது போல இருந்தது. கடைக்காரர் என் விரலைக் கண்டும் காணாததுபோல, காக்கா என்று அண்ணன் முறை சொல்லிக்கொண்டு நின்றார்.

"அலவாங்கு போட்டு நெம்பினாலும் அசையாது காக்கா. ஒரு திறப்பத் திருப்பினா நாலு பக்கமும் பூட்டு விழும்."

என் மனைவி முன்னால் வந்தாள். "உள்ளுக்கிருந்து நெம்பினா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன்.

"உள்ளுக்கிருந்து ஏன் ராத்தா நெம்பணும்? திறப்பு இரிக்கிதானே."

"திறப்பு அந்த நேரம் கையில இரிக்குமா?"

"எந்த நேரம்?"

அவள் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். கடைக்காரர் குடிப்பதற்கென்று நினைத்து, பொடியனை அனுப்பாமல் தானே கிளாசில் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதைத் தன் உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு, நனைந்த கையால் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். கை வழுக்கிப் போனது. திரும்பவும் இழுத்தாள். திரும்பவும் வழுக்கியது.

"பயப்படாதீங்க ராத்தா, இது கறல் பிடிக்காது," என்றார் கடைக்காரர்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். கடற்கரைக் காற்றில் இரும்பு என்ன பாடு படும் என்று சோதிக்கிறாள், கெட்டிக்காரி என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "இது ஊட்டுக்குப் போடுற கதவில்ல. நகைக்கடப் பெட்டிக்குப் போடுறது."

அதற்குப் பிறகு காரைதீவில், பிரதான வீதியோரத்தில் இருந்த ஒரு வெல்டிங் கடைக்குப் போனோம். அது தமிழ் ஊர், எங்களுடையது முஸ்லிம் ஊர். சண்டைக் காலத்தில் அந்த இடத்தில் பஸ் நின்றாலும் நான் இறங்கியிருக்க மாட்டேன். அந்தக் கடைக்காரரும் அப்போது எங்கள் ஊருக்குள் வந்திருக்க மாட்டார். இரண்டு பேருக்குமே அது தெரியும். அதனால் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்துக்கொண்டோம். அவர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்கிட ஊர்ல வெல்டிங் கட இல்லையா காக்கா?"

"இரிக்கி. எங்கிட ஊரான் செஞ்சா, கதவு எப்புடிப் பூட்டுற எண்டு ஊர் முழுக்கத் தெரிஞ்சிரும்."

"அப்ப எனக்குத் தெரிஞ்சாப் பரவாயில்லயா?"

அவர் சத்தமாகச் சிரித்துவிட்டு ஒரு வாங்கைத் துடைத்து எங்களை இருக்கச் சொன்னார். எனக்கு ஆளைக் கொஞ்சம் பிடித்துப் போனது. பிடித்துப் போனதும் சந்தேகம் கூடியது.

அளவெல்லாம் சொன்னேன். தகட்டின் தடிப்பு, மேலே பிறை, நடுவில் பூ என்று எல்லாம் பேசி முடித்தோம். கடைசியில் என் மனைவி சொன்னாள்:

"கதவு வெளிப்பக்கம் திறக்கணும். தள்ளினாப் போகணும்."

வெல்டிங்காரர் காதைச் சொறிந்தார். "முன் கதவயா தங்கச்சி? அப்புடி ஒருத்தரும் போடுறல்ல. கதவ நிலையோட பிடிக்கிற பிணைச்சல் வெளியால வந்திரும். கள்ளன் பூட்டத் தொடவே தேவல்ல, பிணைச்சல்ட ஆணியக் கழட்டிட்டுக் கதவோட போயிருவான்."

எனக்கு அதுவே போதும். "கேட்டியா புள்ள? அதோட வாற ஆக்கள்ற மூஞ்சில அடிக்கவா கதவு போடுற? சொந்தக்காரர், மரியாதையான மனிசர் வந்து நிக்கக்குள்ள, பின்னால போங்க எண்டு தள்ளவா? ஊரான் என்ன கதைப்பான்?"

"ஊரான் கதைக்கட்டும்."

"கள்ளன்?"

"கள்ளன் வந்தாச் சாமானத்தானே கொண்டு போவான்," என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், அந்தக் கடையில் வெட்டிக் கிடந்த இரும்புத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே கதைத்தாள்.

"தண்ணி முன்னால வரல்ல. பின்னால, குசினிப் பக்கத்தால வந்த. நானும் தங்கச்சியும் முன் கதவுக்கு ஓடின. தாப்பாளக் கழட்டிட்டன். கை நனஞ்சி வழுக்கின, எண்டாலும் கழட்டிட்டன். கழட்டினத்துக்குப் பிறகும் கதவு வரல்ல. தண்ணி உள்ளுக்கிருந்து அத அமத்திப் பிடிச்சிக்கிட்டு இரிக்கி, நாங்க ரெண்டு பேரும் இழுக்கிறம். தள்ளுற கதவா இருந்தாத் தண்ணியே திறந்து உட்டிரிக்கும்."

வெல்டிங்காரர் கையிலிருந்த அளவு நாடாவை மெல்லச் சுருட்டினார்.

"யன்னல் பக்கச் சுவர் உழுந்திச்சி. அந்த ஓட்டையால என்னத் தண்ணி வெளிய எடுத்துப் போட்ட. அவள் கதவுப் பிடிய உடல்ல. திறக்கும் எண்டுதான் இழுத்துக்கிட்டு நிண்டாள்."

அன்று காலையில் நான் சொறிக்கல்முனைப் பக்கம் வியாபாரத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, தெருவும் இல்லை. அவளை ஒரு பள்ளிக்கூடத்தில் கண்டுபிடித்தேன். தங்கச்சியைத் தண்ணி கொண்டுபோயிட்டு என்றாள். நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் ஒருவரும் ஒருவரிடமும் கேட்கவில்லை. எல்லா வீட்டிலும் மவுத்து விழுந்திருந்தது. தண்ணி கொண்டுபோயிட்டு என்கிற அந்த ஒரு வசனத்திலேயே எல்லோரும் எல்லாவற்றையும் சொல்லி முடித்துக்கொண்டோம். அதற்குள் ஒரு கதவு இருந்தது என்பதை இத்தனை வருசம் கழித்து, முன்பின் தெரியாத ஒரு மனிதரின் கடையில் இருந்துதான் கேட்டேன்.

பிறகு வெல்டிங்காரர் சொன்னார்: "வெளியால திறக்கிற மாதிரி அடிச்சித் தாறன் தங்கச்சி. பிணைச்சல் ஆணிய ரெண்டு தலப்பிலயும் ஒட்டி உடுறன். கழட்ட ஏலாது."

வீட்டுக்கு வரும் வழியிலேயே மதினியைப் பற்றி நான் கட்டி வைத்திருந்ததெல்லாம் சரிந்து போயிருந்தது. ஆனால் என் குணம் அப்படியே ஒரே நாளில் போய்விடுமா? இரண்டு நாள் கழிந்ததும் கள்ளன் திரும்பவும் என் தலைக்குள் வந்துவிட்டான். வெளியே தெரிகிற பிணைச்சல், ஒரே ஒரு தாழ்ப்பாள். வெல்டிங்காரருக்கு அடிக்கடி போன் எடுத்தேன். தகடு தடிப்பானதா, ஒட்டு இறுக்கமா என்று கேட்டேன். திறக்கிற பக்கத்தை மாற்றச் சொல்லலாமா என்று ஒரு முறை யோசனையும் வந்தது. வாய் வரவில்லை.

கதவு ஒரு சின்ன லொறியில் வந்து இறங்கியது. வெல்டிங்காரர் வரவில்லை, டிரைவர் மட்டும்தான். மேசன் பழைய கதவையும் நிலையையும் கழற்றிவிட்டுச் சாந்து குழைத்துக்கொண்டு நின்றார். இரும்பு நிலையைத் தூக்கிப் பொருத்தி, மட்டம் பார்த்து, முட்டுக் கொடுத்தார்கள். பூவும் பிறையுமாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்ற கதவு அழகாகத்தான் இருந்தது. என் மனைவி முருங்கைக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மேசன் சிரித்துக்கொண்டே கதவில் கையை வைத்தார்.

கதவு உள்ளே போனது.

அவள் மேசனைப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"நீங்கதானே சொல்லி மாத்தின?"

"வல்லாஹி நான் சொல்லல்ல புள்ள."

"கள்ளனுக்குப் பயந்து போன்ல சொல்லிரிக்கிங்க."

"அல்லாஹ்வுக்குப் பொதுவாச் சொல்றன், நான் அதச் சொல்லல்ல."

"அதச் சொல்லல்ல எண்டா, வேற என்னத்தச் சொன்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தெருவுக்குப் போய்விட்டாள். போகிற ஓட்டோ ஒன்றை மறித்து ஏறினாள். ஏறும்போது சொன்னது மேசனுக்கும் டிரைவருக்கும்கூடக் கேட்டது: "இனி இந்த ஊட்டுல நான் கால் வச்சாப் பாருங்க." வீடு அவளுடையது. அவள் வராவிட்டால் எனக்கு அங்கே என்ன இருக்கிறது?

நான் போன் எடுத்தேன். வெல்டிங்காரர் உடனே மோட்டார் சைக்கிளில் வந்தார். கதவைத் தள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கைப் பழக்கம் காக்கா. காலமெல்லாம் உள்ளுக்குத் திறக்கிற கதவத்தானே ஒட்டின. கை தன்ட பாட்டுக்கு ஒட்டிப்போட்டு."

எனக்கு அவர் மீதும் நம்பிக்கை வரவில்லை. பொம்பளையின் சொல்தானே என்று விட்டிருப்பாரோ? ஆனால் அதைக் கிளறுகிற நேரம் அதுவல்ல. "இத நீங்களே வந்து அவக்கிட்டச் சொல்லுங்க," என்றேன்.

"இன்னும் உள்ளுக்குப் போகணுமா?" என்று கொஞ்சம் தயங்கினார். பிறகு வந்தார்.

மதினி வீட்டுக் கடப்படியில், மதில் கதவுக்கு வெளியே, இரண்டு பேரும் நின்றோம். உள்ளே இருந்து மதினியின் குரல்தான் முதலில் வந்தது.

"ஆரது?"

"கதவு ஒட்டின ஆள்," என்றேன் நான்.

"அவர் கூட்டிக்கிட்டு வந்த ஆள், அவர் சொல்லிக் குடுத்தத்தானே சொல்லுவார்."

வெல்டிங்காரர் என்னைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் எல்லோருமே இப்படித்தானா என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. அதற்குள் என் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மதில் கதவருகே வந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக அவரிடம் கேட்டாள்:

"அவர் எத்தின தரம் உங்கிட கடைக்கு வந்தார்?"

"உங்களோட வந்த ஒருக்காத்தான் தங்கச்சி. அதுக்குப் பிறகு போன். விடிஞ்சாப் போன், பொழுதுபட்டாப் போன்."

இந்த மனிதர் என்னைக் காப்பாற்ற வந்தவரா, கட்டி வைக்க வந்தவரா?

"போன்ல என்ன சொன்னார்?"

"தாப்பாள மூணாப் போடச் சொன்னார். மேல ஒண்டு, நடுவுல ஒண்டு, கீழ ஒண்டு. நான் ஒண்டுதான் போட்டன். இந்தப் புள்ள சொன்னதக் கேட்ட பிறகு எனக்கு மூணு போட மனம் வரல்ல."

உள்ளே மதினி கெக்கட்டம் விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. "மூணு தாப்பாளாம்! அரசாங்கக் கச்சேரிக்கும் அப்புடி இல்லகா."

என் மனைவி சிரிக்கவில்லை. ஆனால் தோள் இறங்கியது. அவள் அவரைப் பார்த்துச் சொன்னாள்: "சொல்லிக் குடுத்துக் கூட்டி வந்த ஆள் இதச் சொல்லிரிக்க மாட்டார்." என் வாயால் எத்தனை சத்தியம் செய்தும் விளங்காதது, என்னைக் காட்டிக் கொடுத்த ஒருவரின் வாயால் விளங்கியது.

"புதுசா வேற கதவு நில ஒட்டித் தாறன்," என்றார் அவர்.

"ஏன் புதுசா? இதத் திருப்பி வச்சா என்ன?"

அவர் காற்றில் கையால் ஒரு கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். "திருப்பினா வெளியால திறக்கும். ஆனாப் பூவும் பிறையும் உள்ளுக்கு வந்திரும் தங்கச்சி. தெருவுக்கு முதுகுதான் தெரியும்."

"தெரியட்டும்."

அன்றைக்கே நிலையைக் கழற்றித் திருப்பி வைத்தார்கள். தாழ்ப்பாளை வெட்டி எடுத்து மறுபக்கம், அவளுடைய கை தானாகப் போகிற உயரத்தில், ஒரு பூவின் தலைக்கு மேலேயே ஒட்டினார் வெல்டிங்காரர். பிடிக்குப் பெரிய வளையம் ஒன்று போட்டார். தெருப் பக்கம் வெறும் தகடும் குறுக்குச் சட்டங்களும் சிவப்புப் பூச்சும்தான். பக்கத்து வீட்டு மரக்கறிக்காரர் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்ன மச்சான், கதவு கோவிச்சிக்கிட்டுத் திரும்பி நிக்கிதா?"

எப்படித் திறக்கும், எங்கே பூட்டு என்று கேட்பார் என்று நான் காத்திருந்தேன். கேட்டார். நான் காது கேட்காதவன் போல மேசனுக்குச் சாந்துச் சட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

எல்லாம் முடிந்ததும் அவள் தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் வெளியே நின்றேன். வெல்டிங்காரர் நின்றார், மேசன் நின்றார். தட்டலாமா என்று எனக்குக் கை எழுந்தது. தட்டவில்லை. மரக்கறிக்காரர் பொறுக்க முடியாமல் படியில் ஏறிக் கதவில் காதை வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கதவு வேகமாக வெளியே வந்து அவருடைய தோளில் அடித்தது. "யா அல்லாஹ்!" என்று அவர் கீழே இறங்கினார். அவள் அவரைக் கவனிக்கவே இல்லை. கதவைச் சாத்தினாள், தள்ளினாள். சாத்தினாள், தள்ளினாள். ஒவ்வொரு தடவையும் உடம்பின் முழுப் பாரத்தையும் கொடுத்துத் தள்ளினாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. கடைசியில் வாசலில் நின்றபடி மேசனிடம் சொன்னாள்:

"படிய அகலமாக்கணும். வாற மனிசர் ஒதுங்கி நிக்க இடம் வேணும்."

அன்று வெயில் சாய்ந்தும் அவள் போகவில்லை. மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. அவள் கைகால் கழுவி வுழூச் செய்துவிட்டு வந்து முன்மண்டபத்தில் தொழுதாள். சாப்பிட்ட பிறகு நான் அறையில் பாயை விரித்தேன். அவள் தன் பாயை எடுத்துக்கொண்டு போய்க் கதவுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தாழ்ப்பாள் எட்டுகிற தூரத்தில் போட்டாள்.

"ஏன் புள்ள அங்க?"

"இஞ்ச காத்து நல்லம்," என்றாள்.

இரும்புக் கதவு சாத்திக் கிடக்கிறது, காற்று எந்த வழியால் வரும்? நான் அதை நம்பவில்லை. என் பாயையும் சுருட்டிக்கொண்டு போய் அவளுக்குப் பக்கத்தில் போட்டேன்.